மாட்டுக்கொட்டகையில் பட்டாம்பூச்சி எண்ணியவள்

தெல்மா ப்ரோசரின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் எல்லோருடைய தலையும் பரட்டையாக இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதித் தலைகளுக்கு முடி வெட்டியவள் அவள்தான். நவம்பரில் அவள் படுக்கையில் விழுந்த பிறகு நாங்கள் யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. தேடினால் எப்படியும் அவள் காதுக்குப் போய்விடும் என்று ஒரு பயம். பிப்ரவரியில் தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். காலருக்கு மேல் சுருண்டு கிடந்த அத்தனை முடியும் இன்னும் அவளுடைய கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தது. அதில் ஆக மோசமான தலை என் கணவன் மெர்வினுடையது.

அவளுக்குக் கடை எதுவும் கிடையாது. சின்ன சிவப்புக் காரின் பின்பக்கத்தில் கத்தரிக்கோல், துண்டுகள், முடி உலர்த்தி, டை குப்பிகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவாள். சமையலறையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டாள் என்றால் நீங்கள் அவளுடைய ஆள். தலையை ஆட்டி மறுக்க முடியாது. எழுந்து போக முடியாது. இங்கிலாந்தில், ஹெரிஃபோர்ட்ஷயரில், எங்கள் பக்கத்தில் நடந்த முக்கால்வாசிச் சண்டைகள் அந்தத் துண்டுக்குள்தான் தீர்ந்தன.

அது வயிற்றுப் பிழைப்பு. இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை டிங்கிள் காட்டு வாசலில் தொடங்கி, மரங்களுக்கு நடுவே போகும் புல்பாதை, காட்டோரம், வேலியோரம், எங்கள் புல்வெளி, ஆப்பிள் தோட்டம் என்று நடந்து, தேவாலயச் சந்தில் முடிப்பாள். வழியில் தென்படும் பட்டாம்பூச்சிகளை எண்ணுவாள். ஒவ்வொரு வருடமும் அதே வழி, அதே வேகம்.

இது தொடங்கிய கதை அப்படியொன்றும் புனிதமானது அல்ல. ஊர் மன்றத்தில் ஒரு கூட்டம், டீயும் ஆப்பிள் கேக்கும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தெல்மா கேக்குக்காகப் போனாள். காடும் வயலும் கலந்து கிடக்கும் இந்த மாதிரி நிலத்தில் பூச்சிகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று தெரிய வேண்டுமானால், ஒரே ஆள் ஒரே தடத்தில் வருடக்கணக்காக நடக்க வேண்டும், யாராவது முன்வருகிறீர்களா என்று பேச வந்தவர் கேட்டார். எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். தெல்மா இன்னொரு துண்டு கேக் கேட்கக் கையைத் தூக்கினாள். மன்றமே கைதட்டியது.

"கேக் வாயில இருந்துச்சு ரூத், மறுத்துப் பேச முடியல. விழுங்கறதுக்குள்ள என் பேரை எழுதிட்டாங்க" என்பாள்.

அன்றைக்கு அவளுக்கு எது பட்டாம்பூச்சி, எது அந்துப்பூச்சி என்றே தெரியாது. ஒரு கோடையில் கற்றுக்கொண்டாள். கற்ற விதம்தான் வேடிக்கை. எங்கள் ஊர்த் தலைகளை வைத்துக் கற்றாள். புல்வெளிப் பழுப்பு என்ற பூச்சி, தபால் அலுவலகத்து மிசஸ் ப்ரீஸ் டை போட்டு மூன்று வாரம் ஆன நிறம். வளையக்காரி, அதே மிசஸ் ப்ரீஸ் டை போட்ட அன்று மாலை. கந்தகம் என்ற மஞ்சள் பூச்சி, பாதிரியாரின் மகள் தானே வீட்டில் ப்ளீச் செய்துகொண்டு அழுதபடி போன் செய்த நாள். இன்றைக்கும் எனக்கு அந்தப் பூச்சிகளைப் பார்த்தால் மனிதர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நடைக்குச் சட்டங்கள் இருந்தன. வெயில் இருக்க வேண்டும், காற்று பலமாக இருக்கக் கூடாது, நிற்கக் கூடாது, திரும்பி நடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெட்டி. நடப்பவர் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். இருபக்கமும் சில அடி, முன்னால் ஐந்து மீட்டர், மேலேயும் ஐந்து மீட்டர். அதற்குள் வந்தால்தான் கணக்கு. வெளியே சொர்க்கமே பறந்தாலும் சேராது.

மெர்வினுக்கு அந்தப் பெட்டி அறிமுகமான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காட்டோரத்தில் வேலிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். தெல்மா வந்துகொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி முட்செடிப் பூவின் மேல் பெரிய ஆரஞ்சுப் பூச்சி ஒன்று, சிறகின் அடியில் வெள்ளி பூசியது, உட்கார்ந்திருந்தது.

"தெல்மா! இங்க பாரு, முள்ளு மேல! உன் உள்ளங்கை அகலம் இருக்கு!"

"பார்த்தேன் மெர்வின்."

"எழுதலையா?"

"அது பெட்டிக்கு வெளியே இருக்கு."

"எந்தப் பெட்டிக்கு?"

"நான் தூக்கிட்டுப் போறேனே, இதுக்கு."

மெர்வின் அவளுடைய வெறும் கைகளைப் பார்த்தான். பிறகு கம்பத்தைப் போட்டுவிட்டு நேரே சமையலறைக்கு வந்தான்.

"ரூத், நமக்கு முடி வெட்ற பொம்பளைக்கு மூளை கலங்கிப்போச்சு. கத்தரிக்கோலை வேற நாமதான் அவ கையில குடுத்து, கழுத்தையும் குடுக்கிறோம்."

அடுத்த முறை முடி வெட்டும்போது நான் தெல்மாவைக் கேட்டேன், அந்த வெள்ளிப் பூச்சியை அவள் கணக்கில் ஒருநாளும் பார்த்ததில்லையே, ரெண்டடி தள்ளிப் போயிருக்கலாமே என்று.

"ஆசையாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா நான் அதைத் தேடிப் போனா அது என் ஆசையோட கணக்கு. அதுவா உள்ள வந்தாத்தான் பூச்சியோட கணக்கு."

பிறகு கொட்டகை வந்தது.

கோமாரி வந்து, அரசாங்கம் மாடுகளைக் கொன்று எரித்து, எங்கள் மாவட்டமே புகைந்த வருடத்தில் மெர்வின் தன் மந்தை முழுவதையும் இழந்தான். அதைப் பற்றி அவன் இன்றுவரை பேசியதில்லை. மறுபடி மாடு வாங்கத் துணிந்தபோது புதிதாக ஒரு கொட்டகை கட்டினான். இரும்புத் தூண்கள், உயர்ந்த முகடு, கூரையில் வெளிச்சம் விழ நீளக் கண்ணாடித் தகடுகள். வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில், சமதரையாக இருந்த ஒரே இடத்தில் கட்டினான். அது தெல்மாவின் தடத்துக்குக் குறுக்கே இருந்தது. குளிர்காலத்தில் கட்டியதால் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஏப்ரலில் முதல் வெயில் நாள். மாடுகள் இன்னும் மேய்ச்சலுக்கு விடப்படாமல் உள்ளேயே இருந்தன. நான் முட்டைக் கூடையோடு முற்றத்தில் நின்றேன். தெல்மா வேலியோரமாக வந்தாள், கொட்டகைச் சுவர் முன்னால் நிற்காமலேயே கதவைத் திறந்தாள், உள்ளே போனாள்.

மெர்வின் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தான்.

"என்ன தெல்மா, வழி தப்பிட்டியா?"

"வழிலதான் இருக்கேன். உன் கொட்டகைதான் வழி தப்பி வந்து உக்காந்திருக்கு."

"சுத்திப் போயேன்மா தாயே! அந்தப் பக்கம் எவ்வளவு புல்லு கிடக்கு!"

"அங்க நான் எப்பவும் நடந்ததில்ல."

இருபக்கமும் மாடுகள் தலையைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பார்க்க, அவள் நடுவழியில் அதே வேகத்தில், மேலும் கீழும் இருபக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு பசு அவள் முழங்கையை நக்கியது. மறுமுனையில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறுவதற்கு முன் எதையோ எழுதினாள்.

"என்ன எழுதினே?"

"பூஜ்ஜியம்."

"மாட்டுக்கொட்டகையில பட்டாம்பூச்சி இல்லன்னு கண்டுபிடிக்க ஒரு ஆளா!" என்று மெர்வின் சிரித்தான். அவன் மந்தை போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால் எனக்கு அந்தப் பூஜ்ஜியத்தின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு பிரியம்.

கணக்கை வாங்கும் அலுவலகத்தில் விசாரித்தாளாம். தடத்தை மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி, எதுவானாலும் எழுதிவைத்துவிடுங்கள் என்றார்களாம். அவள் மாற்றவில்லை. முன்பு புல்வெளியாக இருந்தபோது அங்கே இத்தனை, கொட்டகை வந்த பிறகு ஒன்றுமில்லை. அதுவும் சேதிதானே என்பது அவள் வாதம். அதற்குப் பிறகு வருடா வருடம், வாரா வாரம் கொட்டகைக்குள் போய்ப் பூஜ்ஜியம் எழுதினாள். மெர்வினும் சலிக்காமல் கேட்பான்.

"இன்னிக்கு எத்தனை?"

"ஒண்ணுமில்ல. உன் புண்ணியம்."

ஒருநாள் அவன் தலை அவள் கையில் இருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"உன் கொட்டகை முகட்டுல ஆமையோடுங்க குளிர்காலம் முழுக்கத் தூங்கும், தெரியுமா?" ஆமையோடு என்பது ஆரஞ்சும் கறுப்புமாக, ஓரத்தில் நீலப்பொட்டு வைத்த பூச்சி. "ஏப்ரல்ல முழிக்கும். என்னிக்காவது ஒண்ணு கீழ வரும்."

"எத்தனை வருஷமா வருது?"

"இன்னும் வரல. தலையை ஆட்டாதே."

இடுப்பு வலி மெதுவாகத்தான் வந்தது. முதலில் வாசல் படிகளில் முகம் சுளித்தாள். பிறகு வேலியைத் தாண்டப் போட்டிருக்கும் மரப்படியைக் கடக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. நீண்ட நாள் காத்திருந்து, மே மாதத்தில் ஆபரேஷன் என்று தேதி கிடைத்தது. அதை விட்டால் அடுத்த தேதி எப்போது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்த வாரம் மெர்வினுக்கு முடி வெட்ட வந்தாள். மறுநாள் கால்நடைச் சந்தை. சந்தைக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்வது அவன் வழக்கம்.

"மெர்வின், மே மாசம் எனக்கு இடுப்பு மாத்துறாங்க."

"நல்லதாப் போச்சு. நீ நொண்டிக்கிட்டு வர்றதைப் பார்த்து என் மாடுங்களே பரிதாபப்படுது."

"கோடை முழுக்க நடக்கக் கூடாதாம்."

"சரி, படுத்து ரெஸ்ட் எடு."

"நடை நிக்கக் கூடாது."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னைப் பார்க்காதே. ரூத்தைக் கேளு."

"ரூத் டவுன்ல ஸ்கூல்ல பாடம் நடத்திட்டு இருப்பா. வெயில் என்ன சனிக்கிழமை பார்த்தா வருது? நீ தினமும் இங்கதான் இருக்கே. மேகம் விலகினா ஊர்ல முதல்ல அண்ணாந்து பார்க்கிற ஆளு நீதான்."

"ஒரு கோடை விட்டா என்ன? குடியா முழுகிடும்?"

"இத்தனை வருஷமும் ஒரே துணியா நெய்து வச்சிருக்கேன் மெர்வின். நடுவுல ஒரு ஓட்டை விழுந்தா, அப்புறம் கூடினாலும் குறைஞ்சாலும், எப்போ, ஏன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. நானே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்."

"எனக்குப் பூச்சியில தலை எது வால் எதுன்னு தெரியாது."

"சொல்லித் தர்றேன்."

"முடியாதுன்னா?"

தெல்மா துண்டை அவிழ்த்து உதறினாள். கத்தரிக்கோலைப் பையில் போட்டாள். "ஒரு பக்கம் ஆச்சு. மத்த பக்கத்தை அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா?"

"அக்டோபர்ல. இடுப்பு சரியானப்புறம்."

மெர்வின் பளபளக்கும் கெட்டிலில் தன் முகத்தைப் பார்த்தான். இடதுபக்கம் ஒரு கனவான், வலதுபக்கம் ஒரு புதர். மறுநாள் சந்தையில் அவனைத் தெரிந்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள்.

"உக்காரு தெல்மா. உக்காரவும் வேண்டாம், நில்லு. வெட்டு."

அப்படித்தான் என் கணவன் பட்டாம்பூச்சிக்காரன் ஆனான். பாடம் ஏப்ரலில் நடந்தது. அவள் பிரம்பு ஊன்றி நடக்க, அவன் பின்னால் போவான். இன்னும் பறக்கத் தொடங்காத கோடைப் பூச்சிகளைப் படத்தில் காட்டுவாள். வெறுமனே நிறம் சொன்னால் அவன் மண்டையில் ஏறாது, தலைகளைச் சொன்னால் ஏறியது.

"அது யாரு?"

"மிசஸ் ப்ரீஸ், டை போட்டு மூணு வாரம்."

"தப்பு. அன்னிக்குச் சாயங்காலம். சிறகுல வளையம் பாரு."

"ஆமா, அவங்க காதுல தொங்குதே, அந்த வளையம்!"

"அப்படியே வச்சுக்கோ. மறக்க மாட்டே."

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்தினம் தன் வைக்கோல் தொப்பியை அவனிடம் கொடுத்தாள். பழைய தொப்பி. ஒவ்வொரு ஏப்ரலிலும் துவைத்துக் காயவைத்து வெள்ளை வெளேரென்று வைத்திருப்பாள். "நடக்கும்போது இதைத்தான் போட்டுக்கணும்" என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வெயிலுக்கு என்று நினைத்திருப்பான்.

அந்தக் கோடையில் வெயிலுக்குக் குறைவில்லை. மெர்வின் நடந்தான். முதலில் முணுமுணுத்துக்கொண்டு, பிறகு சத்தமில்லாமல். ஜூன் மாதத்தில் ஒருநாள் பால் லாரிக்காரரிடம், "வளையக்காரிக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் விவசாயியா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். வாரா வாரம் கணக்கை தெல்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் தலையாட்டுவாள், தப்பு தெரிந்தால் சிரிப்பாள்.

ஜூலையில் அவளுக்கு இரண்டு ஊன்றுகோலோடு எழுந்து நடக்க அனுமதி கிடைத்தது. முதல் வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்து முடி வெட்ட வேண்டும் என்றாள். முதல்நாள் எனக்கு வெட்டினாள். மறுநாள் மெர்வின் முறை. அவனைக் கட்டைமுக்காலியில் உட்காரவைத்து, தான் மேசையில் சாய்ந்து நின்றாள். துண்டைக் கட்டினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தரச் சொன்னாள். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே."

"ஏன் இருக்காது?" என்றான் மெர்வின் பெருமையாக. "பத்திரமா வச்சிருக்கேன்."

"முள்ளு கீறியிருக்கு, அது டிங்கிள் காடு. இந்தப் பச்சைக் கறை ஆப்பிள் தோட்டம். சரி. மேல ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

"வெள்ளைத் தொப்பி வெள்ளையாத்தான் இருக்கும்."

"கொட்டகைக்குள்ள போகலையா நீ?"

மெர்வின் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜூனில் எங்கள் கொட்டகை காலி, மாடுகள் மேய்ச்சலில் இருக்கும். ஆனால் உத்தரங்களில் வரிசையாகத் தகைவிலான் குருவிகளின் மண்கூடுகள், கூட்டுக்குக் கூடு குஞ்சுகள். நடுவழியில் அந்த மாதத்தில் நடந்துபோன யாரும் தலையில் பரிசு வாங்காமல் தப்பியதில்லை. தெல்மாவின் தொப்பி ஒவ்வொரு வருடமும் ஜூலைக்குள் எச்சம் வழிந்து கறை கறையாக ஆகிவிடும். அவள் துவைத்தது அதற்காகத்தான்.

"அங்க வர்றப்போ தொப்பியைக் கழட்டி வச்சேன்" என்றான் மெர்வின்.

"மெர்வின்."

"சரி, போகல. வெளிய சுத்திக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். அதனால என்ன? பூஜ்ஜியம்தானே? இத்தனை வருஷமா பூஜ்ஜியம்தானே? அது என் கொட்டகை தெல்மா. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். பார்த்தியா?"

"தெரிஞ்சதை எதுக்குப் பார்க்கணும்?"

"பொண்டாட்டிய ஏறெடுத்துப் பார்க்காமலே 'நல்லாத்தான் இருக்கா'ன்னு சொல்ற ஆளு நீ. உன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறது?"

"ரூத், நான் அப்படியா?" என்று என் பக்கம் திரும்பினான்.

"எனக்கு என்ன மாறியிருக்குன்னு சொல்லு பார்ப்போம்" என்றேன்.

பார்த்தான். காதுவரை குட்டையாக வெட்டிய தலையோடு நேற்றிலிருந்து அவன் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தேன்.

"புது ஸ்வெட்டரா?" என்றான்.

தெல்மா சிரித்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் கணக்குத் தாள்களைக் கேட்டாள். கொட்டகைக்கு எதிரே அவன் போட்டிருந்த பூஜ்ஜியங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். பென்சிலை அழுத்தி, மெதுவாக. அவள் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. அந்தத் துணியில் முதல் ஓட்டை. தன் கையாலேயே போட்டாள்.

"அப்படியே விட்டிருக்கலாமே தெல்மா," மெர்வினின் குரல் இறங்கியிருந்தது. "யாருக்குத் தெரியப்போகுது?"

"போய்ப் பார்த்து இல்லன்னா அது பூஜ்ஜியம். போகலைன்னா அது வெறும் காலி. ரெண்டையும் ஒரே மாதிரி எழுதினா, இத்தனை வருஷம் நான் மாட்டுக்கிட்ட நக்கு வாங்கினது எதுக்கு? மத்த இடமெல்லாம் ஒழுங்கா நடந்தியா?"

"நடந்தேன். காட்டுல முள்ளு கிழிச்சதைக் காட்டட்டுமா, பேன்ட்டைத் தூக்கி?"

"வேண்டாம். பாதி முடியோட ஒரு தடவை பார்த்ததே போதும்."

அன்றைக்கு முடி வெட்டி முடிந்ததும் மெர்வின் கண்ணாடி பார்க்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது அதன் உச்சியில் நடு மையமாகக் குருவி எச்சம் ஒரு பெரிய சொட்டாக இருந்தது. ராணுவத்தில் பதக்கம் வாங்கியவனைப் போலத் தலையை அசைக்காமல் வந்து தெல்மா முன்னால் குனிந்து காட்டினான்.

"பூஜ்ஜியம்" என்றான்.

"எழுது" என்றாள்.

செப்டம்பர் வரை அவன் ஒரு வாரம்கூடக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அடுத்த ஏப்ரலில் தெல்மா திரும்பி வந்தாள், புது இடுப்போடு, முன்னைவிட மிடுக்காக. தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் வரும் நேரத்தில் மெர்வினுக்கு எப்படியோ கொட்டகைக் கதவருகே வேலை இருக்கும். கதவைத் திறந்து பிடித்துக்கொள்வான், மாடு மிரளும் அதற்காகத்தான் என்பான். மாடுகள் எதற்கும் மிரண்டதில்லை.

இன்னும் பல கோடைகள் நடந்தாள். கடைசிக் கோடையில் ஆப்பிள் தோட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள், நிற்கக் கூடாது என்ற சட்டத்தை மீறுகிறோம் என்று அவளுக்கே கோபம். நவம்பரில் நான் சூப் கொண்டுபோனபோது தொப்பி அவள் படுக்கை ஓரத்தில் இருந்தது. துவைத்து, வெள்ளை வெளேரென்று. "மெர்வின்கிட்ட குடு" என்றாள். வேறு எதுவும் சொல்லிவிடவில்லை. கேட்டு வாங்குவது அவளுக்கு இஷ்டமில்லை. முன்பு ஒருமுறை பாதித் தலையைப் பணயம் வைத்துக் கேட்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

சடங்கு முடிந்து சில வாரங்களில் அலுவலகத்திலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. அன்பாகத்தான் பேசினார்கள். இந்தத் தடத்தை முடித்துவிடலாமா, வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். மெர்வினைப் பார்த்தேன். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "தெரியலைன்னு சொல்லு" என்றான். தொப்பி ஆணியிலேயே தொங்கியது. அவன் அதைத் தொடாமல், ஆனால் இடிக்காமலும், கதவைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டான். நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பான். எனக்காகச் சரி என்றிருப்பான். தெல்மாவுக்கு அது பிடித்திருக்காது.

ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை. காலையெல்லாம் மூட்டமாக இருந்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் சட்டென்று முற்றத்தில் இறங்கியது. நான் துணி காயப்போட வெளியே போய்த் திரும்பினேன். ஆணி காலியாக இருந்தது.

கைத்துணியை அப்படியே பிடித்துக்கொண்டு கொட்டகையின் தோட்டத்துப் பக்கக் கதவுக்குப் போய் நின்றேன். மாடுகள் இன்னும் உள்ளேதான் இருந்தன. கொஞ்ச நேரத்தில் மறுமுனைக் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, அதற்குக் கீழே காலர் தாண்டி வழியும் நரைமுடி. மெர்வின் மேலும் கீழும் இருபக்கமும் பார்த்துக்கொண்டு நடுவழியில் நடந்து வந்தான். அவனுடைய நடை அல்ல அது. அவனுடையது நீளமான, அவசரமான நடை. இது இடுப்பு வலிக்கு முந்தைய தெல்மாவின் நடை. மாடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்தன.

பாதி வழியில் கூரைக் கண்ணாடித் தகடருகே ஏதோ அசைந்தது. ஆரஞ்சு. கறுப்பு. குளிர்காலத் தூக்கம் கலையாத சிறகோடு ஒரு ஆமையோட்டுப் பூச்சி முகட்டில் மோதி, விழுந்து, மறுபடி வெளிச்சத்தை நோக்கி எழும்பியது.

அவனும் பார்த்துவிட்டான். தொப்பி மேலே நிமிர்ந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. அதே வேகத்தில் என்னைக் கடந்து கதவுக்கு வெளியே போனான், எழுதினான், ஆப்பிள் தோட்டத்தின் பக்கம் நடந்தான்.

நடை முடிந்து சமையலறைக்கு வந்தபோது டீ போட்டு வைத்திருந்தேன். தாளை மேசையில் வைத்தான். காட்டில் இரண்டு கந்தகம், வேலியோரத்தில் ஒரு மயில்கண்ணி. கொட்டகைக்கு எதிரே பூஜ்ஜியம்.

"மெர்வின், நீ பார்த்தே. நானும் பார்த்தேன்."

"பார்த்தேன்."

"பின்ன? அவ எத்தனை வருஷம் காத்திருந்தா!"

"உசரம் ஜாஸ்தி ரூத். முகடு அஞ்சு மீட்டருக்கு மேல, கட்டினவன் நான், எனக்குத் தெரியாதா? அது அவ பெட்டிக்கு வெளியே." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டீயை ஊதினான். "அந்த ஆபீஸ்காரங்க நம்பர் இருக்கா? ஆள் இருக்குன்னு சொல்லிடு."

டீ பாதியில் இருக்கும்போதே கோப்பையோடு எழுந்தான்.

"எங்க?"

"கொட்டகைக்கு."

"நடை முடிஞ்சுதே?"

"முடிஞ்சாச்சு. இப்போ சும்மா பார்க்கிறதுக்கு யாரு வேண்டாம்னா?"

நானும் என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனேன். மாடுகளுக்கு நடுவே அண்ணாந்து நின்றோம். பூச்சி கண்ணாடியில் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கழுத்து வலித்தது. மெர்வினின் பின்முடியை ஒரு கன்று எட்டிப் பிடித்துச் சாவகாசமாக மென்று பார்த்தது.

"இதையாவது வெட்டிக்கோயேன்" என்றேன்.

"ம்" என்றான், மேலிருந்து கண்ணை எடுக்காமல். "நீயே வெட்டிவிடு. ஆனா ரெண்டு பக்கமும்."